ஜூன் 20-க்கு என்ன செய்யலாம்? பக்கத்து முகாமைப் பற்றி ஊருக்கு எப்படிச் சொல்வது?

வேப்பமரம்
24 மே 2025, இரவு 9.40

வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடுகிற வாசகர் வட்டத்தை நாங்கள் நாலு பேர் நடத்துகிறோம்.

ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1990-இலிருந்து, அதாவது 35 வருஷமாக. டவுன் பஸ் அங்கே நிற்கும், கண்டக்டர் "முகாம்லாம் எறங்கு" என்று குரல் கொடுப்பார். எங்கள் ஊருக்கு அந்த இடத்தோடு உள்ள பழக்கம் அவ்வளவுதான். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வேண்டுமென்றால் மட்டும் அங்கே போன் போடுவார்கள்.

போன திங்கள்கிழமை ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா என்ன தர்ம சத்திரமா என்று கேட்டது. செய்தி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. சிலர் கை தட்டினார்கள், சிலர் அழுகிற பொம்மை போட்டார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அவர்களில் சிலர் அதே குழுவில் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஜூன் 20 உலக அகதிகள் நாள். நூலகத்தில் ஒரு நாள் ஏதாவது செய்ய ஆசை. கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. யோசனை சொல்லுங்கள்.


ரவி_மதுரை
24 மே 2025, இரவு 10.15

நல்ல காரியம் டீச்சர். புகைப்படக் கண்காட்சி வையுங்கள். படகு, முள்வேலி, அழுகிற குழந்தை என்று இருபது படம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டினால் போதும், பார்த்தவர்கள் கண் கலங்காமல் போக மாட்டார்கள். மாலையில் ஒரு ஆவணப்படம் போடலாம். இலங்கைச் சாப்பாட்டுக் கடை ஒன்று போட்டால் கூட்டமும் வரும்.


கணக்குப்பிள்ளை
25 மே 2025, காலை 7.05

எதிர்க்குரலாக ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். எங்கள் தெருவில் மழை பெய்தால் அடுப்பு எரியாத வீடு ஆறு இருக்கிறது. அவர்களுக்கு என்று ஒரு நாள் இல்லை. முகாமுக்கு அரசு பணம் தருகிறது, அரிசி தருகிறது, இப்போது வீடும் கட்டித் தருகிறது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? நீதிபதி சொன்னதில் என்ன தவறு? 140 கோடிப் பேரை வைத்துக்கொண்டு நாமே திண்டாடுகிறோம்.


பழைய_வருவாய்
25 மே 2025, காலை 11.30

கணக்குப்பிள்ளைக்கு: முதலில் அந்த வழக்கு. உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவர், தண்டனை முடிந்த பிறகு தன்னை நாடு கடத்த வேண்டாம் என்று கேட்ட மனு அது. முகாம்களில் இருக்கும் அத்தனை பேருடைய வழக்கும் அல்ல. செய்தி வாட்ஸ்அப்புக்கு வந்தபோது அந்த வித்தியாசம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆர்.ஐ.யாக, அதாவது வருவாய் ஆய்வாளராக, இருந்தபோது ஒரு முகாம் என் பொறுப்பில் இருந்தது. அரசு சட்டமன்றத்தில் 2021 ஆகஸ்டில் சொன்ன கணக்கைத் தருகிறேன். 1983-இலிருந்து வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர். 2021-இல் 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். போலீசில் பதிந்துவிட்டு வெளியே வசித்தவர்கள் 34,087 பேர். ஆக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்று இங்கே இல்லை; திரும்பியோ வேறு நாட்டுக்கோ போய்விட்டார்கள். "வந்தவன் போகவே மாட்டான்" என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

பணக்கொடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது அந்த அறிவிப்பில்தான் 1,500 ஆனது. மற்றப் பெரியவர்களுக்கு 750 இருந்தது 1,000 ஆனது. பிள்ளைக்கு 400 இருந்தது 500. இதை வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள், பெயருக்கேற்ற மாதிரி.

இன்னொன்று. இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. கணக்கெடுப்பு நாளன்று முகாமில் எல்லாரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். ஆள் இல்லையென்றால் பணக்கொடை நிற்கும், சில சமயம் பதிவையே வெட்டிவிடுவோம். ஒருமுறை ஒரு பையனின் பதிவை நான் வெட்டினேன். 19 வயது. கேரளாவில் பெயிண்டிங் வேலைக்குப் போயிருந்தான். அவன் அம்மா பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டி, நாளைக்கு வந்துவிடுவான் என்றார். நான் பேனாவை மூடி வைத்திருக்கலாம். பின்னால் இரண்டு அதிகாரிகள் நின்றுகொண்டிருந்தார்கள், வெட்டிவிட்டேன். அதைத் திரும்பச் சேர்க்க அந்த அம்மா எட்டு மாதம் அலைந்தார். நடுவில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.


பத்துக்குப்பத்து
25 மே 2025, இரவு 8.20

டீச்சர், நான் அப்படி ஒரு முகாமில் பிறந்தவள். இப்போது சென்னையில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறேன்.

ரவி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. படகு, முள்வேலி, அழுகிற குழந்தை மூன்றையும் விட்டுவிடுங்கள். நான் படகில் வரவில்லை. 1996-இல் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தேன். கடலை முதலில் பார்த்ததே பள்ளிச் சுற்றுலாவில், வேளாங்கண்ணியில். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் என்னைப் பார்த்தால், "இந்தப் பெண் நன்றாகத்தானே இருக்கிறாள்" என்பார்கள். அழுதவர்களுக்கு நான் ஏமாற்றமாக இருப்பேன்.

சாப்பாட்டுக் கடையும் அப்படித்தான். எங்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் பிட்டும் சம்பலும் தெரியும். (இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "கடை போட்டால் நாலு காசாவது வரும், உன் கண்காட்சியில் என்ன வரும்?" என்று கேட்டுவிட்டாள். அதனால் கடை பற்றி வீட்டுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.)

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் பெயர் வாசித்தபோது நான் "ஓம்" என்றேன். வீட்டில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். வகுப்பே சிரித்தது, என்ன சாமி கும்பிடுகிறாயா என்று டீச்சரும் சிரித்தார். அன்றிலிருந்து வாசலுக்கு உள்ளே ஒரு தமிழ், வெளியே ஒரு தமிழ். வெளியே நாற்காலி, உள்ளே கதிரை. வெளியே சோப்பு, உள்ளே சவர்க்காரம். இதில் எனக்கு இப்போது வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு வயதில் ஒரு பிள்ளை அதைத் தனியாகக் கண்டுபிடித்துச் சமாளித்தது என்பதை உங்கள் பள்ளியில் யாருக்காவது தெரியுமா?

எனக்கு ஒரு ஸ்கூட்டி இருக்கிறது. தவணை கட்டியது நான். ஆர்.சி. புத்தகம் எங்கள் ஊர் மளிகைக் கடை அண்ணன் பெயரில். அவர் நல்ல மனிதர். ஆனாலும் அவருக்கும் அவர் தம்பிக்கும் சொத்துத் தகராறு வந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்காட்சியில் வைக்க என்னிடம் ஒன்று இருக்கிறது. எழுத நேரமாகும், நாளைக்கு எழுதுகிறேன்.


ஸ்கார்பரோ_குளிர்
26 மே 2025, காலை 6.10

தங்கச்சி எழுதினதை வாசித்தன். "சவர்க்காரம்" எண்ட சொல்லில் வந்து நின்றுவிட்டன்.

நான் 1990-இல் பதினொரு வயதில் மன்னாரில் இருந்து வந்தவன். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு வேறு முகாமில் ஆறு வருடம். இப்ப கனடா. சனங்களுக்கு விளங்கப்படுத்துவது பற்றி இங்கே இருந்து ஒன்று சொல்லலாம்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்ட்டன் எண்ட மீன்பிடிக் கப்டன் கண்டு ஏற்றினார். அவர்கள் இந்தியாவில் இருந்து வருகிறோம் எண்டு சொன்னார்கள். உண்மையில் ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள். அது தெரிந்ததும் பேப்பர்களில் சத்தம் வந்ததுதான். ஆனாலும் இருக்க விட்டார்கள். 2016-இல், முப்பதாவது வருடம், அதில் வந்த சிலர் போய் அந்தக் கப்டனைக் கண்டு நன்றி சொன்னார்கள்.

2010 ஆகஸ்டில் அதே கனடாவின் மற்றக் கரைக்கு, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு, சன் சீ எண்ட கப்பலில் 492 பேர் வந்தார்கள். பெண்கள், பிள்ளைகள் உட்பட எல்லாரையும் தடுப்பில் போட்டார்கள். 2009-இல் முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கப்பல் கரைக்கு வர முன்னமே அதில் யார் இருக்கினம் எண்டு அமைச்சர்களும் தொலைக்காட்சிகளும் கதைத்து முடித்துவிட்டார்கள். ஆட்கள் இறங்கும்போது ஊருக்குள் அவர்களுக்கு ஒரு பெயர் ஆயத்தமாக இருந்தது.

1986-இல் அந்தக் கப்டனுக்குத் தமிழர் எண்டால் யார் எண்டே தெரியாது. ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது சுகம், டீச்சர். உங்கட ஊருக்கு 35 வருடமாக அரைகுறையாகத் தெரியும். அதுதான் கஷ்டம்.


கொழுந்து
26 மே 2025, மதியம் 1.50

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். முகாம் என்றாலே யாழ்ப்பாணம், போர் என்று பேச்சு போய்விடுகிறது. தோட்டத்து மலையகத் தமிழர்களான எங்களை யாரும் நினைப்பதில்லை.

மண்டபம் முகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1983-இல் கட்டியதா? இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நிறுத்தி வைத்து, நோய் பார்த்து, கப்பலேற்றிய இடம் அது. என் கொள்ளுத்தாத்தா அந்த வழியாகத்தான் போனார். 1948-இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு. மீதி 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து இந்திரா காந்தியும் சிறிமாவும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் இங்கே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. என் தாத்தா அதில் வந்தார், நான் இந்தியன். அவருடைய தம்பி கலவரத்தில் அடிபட்டு மலையை விட்டு வவுனியாப் பக்கம் போய், போர் முற்றியதும் படகில் வந்தார். அவர் குடும்பம் அகதி. ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒரே கடல்.

திருச்சிப் பக்க முகாம்களில் இருக்கும் எங்கள் ஆட்கள் 65 பேர் போட்ட வழக்கில் 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொன்னது. கண்காட்சியில் எங்களுக்கும் ஒரு சுவர் விடுங்கள்.


கணக்குப்பிள்ளை
26 மே 2025, மாலை 5.15

பெரியவர் சொன்ன கணக்கு எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயிரத்து ஐந்நூறோ ஐந்நூறோ, என் கேள்வி அப்படியே நிற்கிறது. சண்டை 2009-இல் முடிந்துவிட்டது. ஏன் திரும்பிப் போகவில்லை? இதற்குப் பதில் சொல்லாமல் என்ன விழிப்புணர்வு நடத்தினாலும் என்னைப் போன்றவர்கள் வாசலோடு திரும்பிவிடுவோம்.


பத்துக்குப்பத்து
26 மே 2025, இரவு 9.55

அண்ணே, நேராகக் கேட்டதற்கு நன்றி. பின்னால் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

எங்கே திரும்புவது? என் அப்பா 1984-இல் வந்தபோது அவருக்கு 22 வயது. நான் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. எங்கள் காணியில் பல வருஷம் ராணுவ முகாம் இருந்தது. இப்போது விட்டுவிட்டார்கள், ஆனால் வேலி எது எல்லை எது என்று சொல்ல உயிரோடு ஆள் இல்லை. திரும்பினவர்களும் இருக்கிறார்கள், என் சித்தி குடும்பம் போய்விட்டது. அவர்களுடைய பிள்ளைகள் அங்கே பள்ளியில் "இந்தியாக்காரர்". நான் இங்கே "சிலோன்காரி".

சரி, நேற்றுச் சொன்ன விஷயம். எங்கள் வீட்டில் மூன்று பேர். அக்கா 1986, அண்ணன் 1989, நான் 1996. மூவரும் ஒரே ஊரில், ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். இந்தியச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அப்படியானால் அக்கா இந்தியர். அண்ணனும் நானும் இல்லை. அக்காவுக்கே இது முப்பத்தைந்து வயது வரை தெரியாது. முகாமில் யாருக்கும் தெரியாது. 2022-இல், 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பழைய பிறப்புச் சான்றிதழ்களைத் தேட ஆரம்பித்தோம். 2024 தேர்தலில் அந்தப் பெண் ஓட்டுப் போட்ட விரலைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு அக்கா அழுதாள்.

என் யோசனை இதுதான். படம் எதுவும் வேண்டாம். அட்டைகள் செய்யுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா எங்கே பிறந்தார், அம்மா எங்கே பிறந்தார், அவ்வளவுதான். வருகிறவர் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட் படிவத்தின் நகலை நிரப்ப வேண்டும். ஓர் அட்டையில் 30.6.1987, இன்னொன்றில் 2.7.1987. மற்றதெல்லாம் ஒன்றுதான். ஏன் ஒருவருக்குக் கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காது என்று அவர்களே கேட்கட்டும்.

அம்மா இந்தியர், அப்பா முகாம் என்றும் ஓர் அட்டை வையுங்கள். தேதி 2004 டிசம்பருக்குப் பிறகு. பெற்றோரில் ஒருவர் "சட்டவிரோதக் குடியேறி" என்று வகைப்படுத்தப்பட்டால் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. உங்கள் ஊர்ப் பெண் முகாம்காரரைக் கட்டியிருந்தால், இந்த அட்டை உங்கள் ஊர்ப் பேரப்பிள்ளையுடையது.


கணக்குப்பிள்ளை
27 மே 2025, காலை 6.50

தேதி வைத்துத்தான் எந்தச் சட்டமும் இருக்கும் தங்கச்சி. 1987-இல் மாற்றியது இலங்கைக்காரர்களை மட்டும் நினைத்து அல்ல, அஸ்ஸாம் ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த மாற்றம் அது. சட்டம் செய்தவனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அட்டை யோசனை நல்ல யோசனை. அழ வைக்கவில்லை, கணக்குப் போட வைக்கிறது. எனக்குத் தெரிந்த அச்சகம் இருக்கிறது. 300 ஜி.எஸ்.எம். அட்டையில் அடித்தால் கையில் நிற்கும். இதனால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம்.


பழைய_வருவாய்
2 ஜூன் 2025, இரவு 7.30

திரும்பிப் போவது பற்றிப் பேச்சு வந்ததால் இது. போன வாரம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில், இங்கிருந்து முறைப்படி திரும்பிப் போன ஒரு முதியவரைக் கைது செய்திருக்கிறார்கள். குற்றம், அந்தக் காலத்தில் சட்டவிரோதமாக நாட்டை விட்டு வெளியேறியது. குண்டு விழுந்தபோது பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நின்றிருக்க வேண்டும் போல.

டீச்சருக்கு நடைமுறையில் ஒன்று: முகாமுக்குள் வெளியாட்கள் போக அனுமதி வேண்டும். கடைசி நேரத்தில் அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நூலகத்திலேயே வைத்து அவர்களை விருந்தினராக அழையுங்கள். தாசில்தாருக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டாலும் கியூ பிராஞ்ச் (போலீஸ் உளவுப் பிரிவு) ஆள் வருவார், கொடுத்தால் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம்.


வேப்பமரம்
3 ஜூன் 2025, இரவு 10.00

எல்லாருக்கும் நன்றி. அட்டைகள்தான் என்று முடிவு செய்துவிட்டோம். சாப்பாட்டுக் கடையும் உண்டு. முகாமுக்குப் போய்ப் பேசியபோது அங்கே உள்ள பெண்களே கேட்டார்கள், அதனால் அது அவர்கள் முடிவு.

தலைப்பில் ஒரு சந்தேகம். "அகதி" என்று போடலாமா? 2021-இல் அரசே அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதே. "ஏதிலி" என்று போடச் சொல்கிறார் எங்கள் வட்டத்துப் புலவர் ஒருவர்.


பத்துக்குப்பத்து
3 ஜூன் 2025, இரவு 10.40

ஏதிலி என்றால் யாருக்கும் புரியாது, புரிந்தாலும் அயலான் என்றுதான் அர்த்தம். பெயரை மாற்றியது நல்லதுதான், பெரியவர்கள் பலருக்கு அது மனதுக்கு ஆறுதல். ஆனால் பஸ்ஸில் இன்றும் "முகாம்லாம் எறங்கு" தானே. என்ன வேண்டுமானாலும் போடுங்கள், "பாவம்" என்ற சொல் மட்டும் எந்தப் பலகையிலும் வரக் கூடாது.


டெல்லி_வெயில்
14 ஜூன் 2025, மாலை 4.25

தாமதமாக வருகிறேன். நான் டெல்லியில் ஆப்கன், மியான்மர் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். இலங்கைத் தமிழரையும் திபெத்தியரையும் இந்திய அரசே நேரடியாகப் பார்க்கிறது. மற்றவர்கள் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் பதிந்து ஓர் அட்டை வாங்குகிறார்கள். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் சுற்றுலா வந்தவரும் உயிர் தப்பி வந்தவரும் ஒரே "வெளிநாட்டவர்" தான்.

அந்த ஆணையத்தின் அறிக்கை முந்தாநாள் வந்தது. 2024 முடிவில் உலகத்தில் வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் 12.32 கோடிப் பேர். அதில் 7.35 கோடிப் பேர் தங்கள் நாட்டுக்குள்ளேயே அலைகிறவர்கள். எல்லை தாண்டியவர்களிலும் பெரும்பாலானோர் பக்கத்து நாட்டோடு நிற்கிறார்கள். "எல்லாரும் ஐரோப்பாவுக்கு ஓடுகிறார்கள்" என்பது தொலைக்காட்சி உலகம். சென்னைக்குப் பக்கத்தில் கேளம்பாக்கத்தில் ரோஹிங்கியாக் குடும்பங்கள் இருப்பது உங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுக்குத் தமிழும் கிடையாது, உறவும் கிடையாது. ஒரே ஓர் அட்டை அவர்களுக்கும் வையுங்கள்.


வேப்பமரம்
22 ஜூன் 2025, காலை 8.30

நடந்து முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோணல் பேனரில். ஃப்ளெக்ஸ் அடிக்கிற தம்பி தன் இஷ்டத்துக்கு இணையத்தில் இருந்து ஒரு வெளிநாட்டுக் குழந்தை அழுகிற படத்தைப் போட்டுவிட்டான். "படம் இல்லாட்டி யாருமே பாக்க மாட்டாங்க டீச்சர்" என்றான். வேறு வழியில்லாமல் படத்தின் மேல் நூலகத்தின் உறுப்பினர் சேர்க்கை போஸ்டரை ஒட்டினோம்.

காலையில் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் 2.7.1987 அட்டையை எடுத்தான். படிவத்தை மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தவன் குடியுரிமை என்ற இடத்தில் நின்றான். "இந்தியா" என்று எழுதினான். சட்டத்தைக் காட்டினோம், அடித்துவிட்டு "இலங்கை" என்று எழுதினான். அங்கே பிறப்பைப் பதிந்த சான்று எங்கே என்று கேட்டோம். அதையும் அடித்தான். அப்புறம் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "மிஸ், இத காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்குமா?" என்று கேட்டான்.

கியூ பிராஞ்ச் காவலர் வந்தார், பெரியவர் சொன்ன மாதிரியே நாற்காலி போட்டோம். பெயர்களைக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது ஓர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பிறந்த தேதிக்கு ரெண்டு நாள் முந்தி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் முகாமில் இருந்து பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஒரு பாட்டி சுவரில் மாட்டியிருந்த இலங்கை வரைபடத்தின் முன்னால் நின்று விரலால் மன்னார்க் கரையோரம் தேடினார். அவருடைய ஊர் அதில் இல்லை. பேத்தி பேனா வாங்கி ஒரு புள்ளி வைத்தாள். பாட்டி "இன்னும் கொஞ்சம் கீழே" என்றார். மூன்று புள்ளி வைத்த பிறகுதான் திருப்தி. உடனே பக்கத்தில் இருந்த பெண் தன் ஊரையும் வைக்கச் சொன்னார். மாலைக்குள் வரைபடம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

கேள்விப் பெட்டி ஒன்று வைத்திருந்தோம். 61 சீட்டு விழுந்தது. 23 சீட்டில் ஒரே கேள்வி: ஏன் திரும்பிப் போகவில்லை? கணக்குப்பிள்ளை அண்ணன் கேட்டதுதான். பத்துக்குப்பத்து இங்கே எழுதியதை அவருடைய சம்மதத்தோடு வாசித்தேன். கூட்டத்தில் இருந்து ஒருவர், "அப்ப அந்தக் காணிக்கு யார் வரி கட்டுறா?" என்று கேட்டார். எங்கள் ஊர் எங்கள் ஊர்தான். ஆனால் 35 வருஷத்தில் முகாம்காரர் ஒருவரிடம் எங்கள் ஊர்க்காரர் கேட்ட முதல் விவரமான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் பட்டா, எல்லைக்கல், வாரிசு என்றே பேச்சு போனது. இரண்டு பக்கமும் விவசாயிகள்.

கொழுந்து, உங்கள் சுவரில் ஒப்பந்த எண்களை மட்டும் எழுதினோம். அதிகம் பேர் நிற்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரோஹிங்கியா அட்டையை எடுத்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் "இவங்க வேற" என்று சொல்லிவிட்டுத் திருப்பி வைத்தார். நான் அந்த நேரத்தில் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பிட்டு நாலரை மணிக்கே தீர்ந்துவிட்டது.


கணக்குப்பிள்ளை
22 ஜூன் 2025, மாலை 6.40

போயிருந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அட்டை அச்சு நன்றாக வந்திருந்தது. என் தெருவில் அடுப்பு எரியாத ஆறு வீட்டுக்கும் இப்படி ஏதாவது செய்ய முடியுமா டீச்சர்? அவர்களுக்கு ரேஷன் கார்டில் பெயர்ப் பிரச்சினை. அட்டை அடித்துத் தருகிறேன்.


ரவி_மதுரை
23 ஜூன் 2025, காலை 9.10

என் யோசனை ஒன்றுகூட எடுபடவில்லை, பிட்டுக் கடை தவிர. சரி, வெற்றி வெற்றிதான்.


பத்துக்குப்பத்து
6 செப்டம்பர் 2025, இரவு 9.20

இழையை மேலே கொண்டுவருகிறேன். செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதோடு மத்திய அரசு ஒரு விலக்கு ஆணையும் போட்டிருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவுக்கு வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது.

முகாமில் இனிப்புக் கொடுத்தார்கள். குடியுரிமை கிடைத்துவிட்டது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். அம்மா எனக்குப் போன் போட்டு, "இனி ஸ்கூட்டியை உன்ர பெயருக்கு மாற்றலாமோ?" என்று கேட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஜெயிலில் போட மாட்டார்கள், அவ்வளவுதான். அதுவே பெரிசு, இல்லை என்று சொல்லவில்லை. 2022-இல் அங்கே பொருளாதாரம் விழுந்தபோது தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினவர்களுக்கு அதுவும் இல்லை. இன்னொரு தேதி, இன்னோர் அட்டை.


நெல்லை_வாத்தியார்
7 செப்டம்பர் 2025, காலை 7.45

முழு இழையையும் ஒரே மூச்சில் படித்தேன். எங்கள் பள்ளியிலும் முகாம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அட்டைகளை ஒரு வாரம் கடன் தர முடியுமா? பஸ்ஸில் பார்சல் போட்டால் நானே வாங்கிக்கொள்கிறேன்.


வேப்பமரம்
7 செப்டம்பர் 2025, மதியம் 12.30

தாராளமாக. 24 அட்டை, படிவ நகல் 100, புள்ளி வைத்த வரைபடம் எல்லாம் நூலக பீரோவில் இருக்கின்றன. காலையில் எண்ணிப் பார்த்தேன், 23 தான் இருக்கிறது. 30.6.1987 அட்டையைக் காணவில்லை. யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை. கணக்குப்பிள்ளை அண்ணே, ஒன்று மட்டும் திரும்ப அடிக்க முடியுமா? கூடவே 2015 ஜனவரி 10 தேதியில் ஒன்றும்.